மூன்று முடிச்சில் உங்களுக்கும் பங்கு உண்டு

கேள்வி: என் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். “மாப்பிள்ளைக்கு என்ன வேலை? மூணு முடிச்சு போட்டா முடிஞ்சுது” என்கிறான். சரிதானா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மூன்றையும் அவர் போடப்போகிறாரா என்று முதலில் கேளுங்கள். நம் பக்கம் பல வீடுகளில் மாப்பிள்ளைக்கு ஒரு முடிச்சுதான். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, அதாவது உங்களுடையது. ஆகவே இது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

கயிற்றுக்கு மஞ்சளை முதல் நாளே தடவி நிழலில் உலர்த்துங்கள். காலையில் அவசரமாகத் தடவினால் ஈரத்தில் முடிச்சு வழுக்கும், கூறைப்புடவையிலும் கறை இறங்கும். கழுத்தைச் சுற்றியபின் இரண்டு நுனியிலும் ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும். கயிறு மாலைக்கும் சடைக்கும் உள்ளே போக வேண்டும். மாலைக்கு மேலே கட்டிவிட்டால் மாலையைக் கழற்றும்போது கயிறும் சேர்ந்து சிக்கும். பின்னால் நிற்கும் நீங்கள் சடையைத் தூக்கிப் பிடியுங்கள். தம்பி தன் முடிச்சை இறுக்கிய பிறகே நுனியை உங்களிடம் விட வேண்டும். கெட்டிமேளச் சத்தத்தில் பதறி, பாதியில் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒரு சாதாரண நூலை வைத்து வீட்டில் நாலு தடவை கட்டிப் பார்க்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. மயிலாடுதுறைக் கூறைநாடு இந்தச் சேலைக்கே பேர்போனது. இப்போது பலர் திருபுவனம் பட்டு எடுக்கிறார்கள். எங்கே எடுத்தாலும் ரவிக்கைத் துணியை வெட்டி, மூன்று வாரம் முன்னதாகவே பெண் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மணவறையில் தட்டில் வைத்துக் கொடுப்பது சடங்கு. அதற்குப் பிறகு பெண் கட்டிக்கொண்டு வர அரை மணி நேரம் வேண்டும். மாப்பிள்ளை மணவறைக்கு வரத் தாமதித்தால் அந்த அரை மணிதான் பறிபோகும், முகூர்த்த நேரம் யாருக்காகவும் நீளாது.

மெட்டி வெள்ளி. பெண்ணின் கட்டைவிரலுக்கு அடுத்த விரலை நூலால் அளந்து வாங்குங்கள். காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருக்கும், ஆகவே ஒரு நூல் தளர்வாகவே இருக்கட்டும். அம்மியில் வைத்த பாதத்தை இடக்கையால் தாங்கிக்கொண்டு, மெட்டியின் வாயைக் கொஞ்சம் விரித்து மாட்ட வேண்டும். அப்படியே திணித்தால் தோல் கீறும்.

பட்டு வேட்டி இடுப்பில் நிற்காது. உள்ளே பெல்ட் போட்டு ஒரு நாள் கட்டி, உட்கார்ந்து எழுந்து பழகட்டும். காப்புக் கட்டிய பிறகு மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பூக்காரரைப் பார்ப்பது, பாக்கி கொடுப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். செலவு முழுவதையும் பெண் வீட்டார் தலையில் கட்டாமல், தன் பங்கு எவ்வளவு என்று நிச்சயதார்த்தத்திலேயே தம்பி வாய் திறந்து சொல்வதும் மாப்பிள்ளையின் வேலைதான். அதைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்குவது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

கல்யாணம் முடிந்ததும் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்காகப் பத்திரிகையில் இரண்டை இப்போதே எடுத்துத் தனியாக வையுங்கள். ஊருக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பதிவு அலுவலகத்துக்குப் போகும் அன்று ஒன்றுக்காக வீடு வீடாக அலைகிறார்கள்.