சீனாவில் ஹூனான் டிவிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கேள்வி: தலைநகர் பெய்ஜிங், ஷாங்காய் எல்லாம் இருக்க, ஹூனான் மாகாணத்து டிவியை ஏன் சீனா முழுக்கப் பார்க்கிறார்கள்? சீன மொழி பழகுகிறவர்களுக்கு அது உதவுமா?

மாண்டரின் பழகுவதற்காகப் பார்க்க ஆரம்பித்து, அப்புறம் பழக்கமாகிப்போன சேனல் அது. அதனால் கொஞ்சம் பாரபட்சத்தோடுதான் எழுதுகிறேன்.

சீனாவில் மாலை 7 மணிக்கு எந்த மாகாணத்தின் செயற்கைக்கோள் சேனலைத் திருப்பினாலும் அரசின் மத்தியத் தொலைக்காட்சி தரும் அதே செய்திதான் ஓடும். அரசியலில் மாகாண சேனல்கள் தனித்துத் தெரிய வழியில்லை. மிஞ்சுவது நாடகமும் கேளிக்கையும். ஹூனான் தலைநகர் சாங்ஷாவில் இருந்தவர்கள் இதை மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 1997-இல் செயற்கைக்கோளில் ஏறிய கையோடு, அதே ஆண்டு 'ஹேப்பி கேம்ப்' தொடங்கியது. நடிகர்களையும் பாடகர்களையும் கூப்பிட்டு விளையாட வைத்துக் கலாய்ப்பதுதான் நிகழ்ச்சி. அதன் முகமாகவே ஆகிவிட்ட ஹே ஜியோங், பெய்ஜிங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரபு மொழி கற்பித்தவர்! 2021 வரை அது ஓடியது.

ஆனால் நாட்டையே உலுக்கியது 'சூப்பர் கேர்ள்' பாட்டுப் போட்டிதான். மெங்னியு என்ற பால் நிறுவனத்தின் தயிர் பானம் போட்டியின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 2005 இறுதிச் சுற்றில் ஜெயித்தவர் லீ யூச்சுன்: குட்டை முடி, பையன் மாதிரி உடை, பெரிய குரல் வளம் என்றும் சொல்ல முடியாது. சீன மேடைகளில் அதுவரை பார்த்த பாடகி சாயலே அவரிடம் இல்லை. அவருக்கு 35 லட்சத்துக்கும் மேல் எஸ்எம்எஸ் ஓட்டு விழுந்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் போனை வாங்கி ஓட்டுப் போட்டார்கள். மேற்கத்தியப் பத்திரிகைகள் சில இதை ஜனநாயகத்தின் ஒத்திகை என்கிற ரேஞ்சுக்குக் கொண்டுபோயின. எனக்கு அது கொஞ்சம் ஓவராகப் படுகிறது. காசு கொடுத்து அனுப்பும் எஸ்எம்எஸ், தயிர் விற்க நடந்த போட்டி. ஆனாலும், யார் நட்சத்திரம் என்பதை மேலே இருப்பவர்கள் அல்லாமல் பார்க்கிறவர்கள் முடிவு செய்தது அங்கே புதுசு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அரசும் அதைக் கவனித்தது. இந்த மாதிரிப் போட்டிகளில் வெளியிலிருந்து எஸ்எம்எஸ் ஓட்டு போடுவது 2007-இல் தடை செய்யப்பட்டது. 2011-இல் போட்டியே நின்றது. நேர வரம்பை மீறியதுதான் காரணம் என்றார்கள். அதற்குப் பதிலாக ஒழுக்கம், பொதுப் பாதுகாப்பு, வீட்டு வேலைக்கான குறிப்புகள் பற்றி நிகழ்ச்சி போடுவோம் என்று சேனல் தரப்பில் சொன்னதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். 2012 முதல், 34 செயற்கைக்கோள் சேனல்களுக்கும் மாலை முக்கிய நேரத்தில் வாரத்துக்கு இரண்டு கேளிக்கை நிகழ்ச்சிதான் என்று கட்டுப்பாடு வந்தது.

அப்படியும் ஹூனான் அடங்கவில்லை. அடுத்த ஆண்டே தென் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியிடம் உரிமை வாங்கி இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்தது. ஒன்று, பெயர்பெற்ற பாடகர்களையே மோதவிட்ட 'ஐ ஆம் எ சிங்கர்'. இன்னொன்று, பிரபலமான அப்பாக்கள் பிள்ளைகளோடு கிராமத்தில் போய்த் தங்கும் 'அப்பா, நாம எங்கே போறோம்?'. இரண்டும் சக்கைப்போடு போட்டன. பிரபலங்களின் குழந்தைகளை ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் காட்டுவதற்கும் 2016-இல் கட்டுப்பாடு வந்தது. உடனே அப்பாக்கள் நிகழ்ச்சி சேனலின் சொந்த இணையதளமான மேங்கோ டிவிக்குக் குடிபோனது. (சேனலின் லோகோ பார்க்க மாம்பழம் மாதிரி இருக்கும். ஜனங்கள் வைத்த பட்டப்பெயரையே தளத்துக்கும் சூட்டிவிட்டார்கள்.)

சரி, மொழி பழக உதவுமா? நன்றாகவே உதவும். சீன நிகழ்ச்சிகளில் பேசுவதெல்லாம் திரையின் அடியில் சீன எழுத்திலேயே ஓடும், காதும் கண்ணும் சேர்ந்து பழகும். யூடியூபிலேயே நிறைய கிடைக்கிறது. அரண்மனை நாடகங்களில் தொடங்காதீர்கள், அந்தப் பேச்சு கடைத்தெருவில் செல்லாது. அப்பாக்கள் நிகழ்ச்சியில் தொடங்குங்கள். பெரியவர்கள் சின்னக் குழந்தைகளிடம் நிறுத்தி நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார்கள். குழந்தைகள் பதில் சொல்வது புரியவில்லையென்றால் கவலை வேண்டாம், பல சமயம் அந்த அப்பாக்களுக்கே புரிவதில்லை.