குடல் நரம்பா, உலோகக் கம்பியா?

கேள்வி: ஜெர்மானிய பரோக் (ஏறக்குறைய 1600-1750 காலத்து ஐரோப்பிய) இசைக் கலைஞர் ரைன்ஹார்ட் கேபெல், பழைய முறை வயலினும் ஆட்டுக் குடலில் திரித்த நரம்பும்தான் சரி என்று முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். கை முடியாமல் போனதும், உலோகக் கம்பி பூட்டிய சாதாரண இசைக்குழுக்களை நடத்தப் போய்விட்டார். கொள்கையை விட்டுப் பிழைப்பைப் பார்த்தவரை எதற்காகக் கொண்டாட வேண்டும்?

பதில்: 'கை முடியாமல் போனதும்' என்று இரண்டு வார்த்தையில் தாண்டிவிட்டீர்களே, முதலில் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள்.

1952இல் ஸீகென் என்ற ஊரில் பிறந்த கேபெல், 1973இல் கொலோனில் படித்துக்கொண்டிருந்தபோதே, உடன் படித்தவர்களைச் சேர்த்து 'மூஸிகா அன்டிக்வா கோல்ன்' குழுவைத் தொடங்கினார். உலகமே கவனிக்கும் குழுவாக அது வளர்ந்த பிறகு, 1990இல், அவருடைய இடது கை விரல்கள் சொன்னபடி கேட்க மறுத்தன. ஃபோகல் டிஸ்டோனியா என்கிறார்கள். கையில் புண் இருக்காது, வீக்கம் இருக்காது. மூளையிலிருந்து விரலுக்குப் போகும் கட்டளை குழம்பிவிடும். காப்பி டம்ளரைப் பிடிக்கும் அதே விரல், வாத்தியத்தைத் தொட்டதும் சுருண்டுகொள்ளலாம். வயலின்காரருக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன?

அவர் என்ன செய்தார் தெரியுமா? நாற்பதை நெருங்கும் வயதில் வில்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரல்களால் நரம்பை அழுத்தி, வயலினை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு மறுபடி மேடை ஏறினார். 2006 வாக்கில் அந்தக் கையும் கைவிட்ட பிறகுதான் வாசிப்பை நிறுத்தினார். 2007இல் குழுவும் கலைந்தது. பிழைப்பு மட்டுமே குறியாக இருந்திருந்தால் 1990லேயே வயலினைக் கீழே வைத்துவிட்டு இசைக்குழு நடத்துநர் ஆகியிருப்பார். அதற்கான பெயர் அப்போதே அவருக்கு இருந்தது.

சரி, கொள்கைக்கு வருவோம். குடல் நரம்புதான் அவருடைய கொள்கை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாரும் திறக்காத பழைய ஏடுகளைத் தேடிப் பிடித்துப் படிப்பது, அவற்றை எழுதியவர் காலத்து வாசிப்பு முறையை விளங்கிக்கொள்வது, பிறகு துணிந்து வாசிப்பது. அவர் கடைசிவரை விடாதது இதைத்தான். ஹைனிகென் ஒருவரே இதற்குப் போதும். யோஹான் டேவிட் ஹைனிகென் (1683-1729) ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் இசைத் தலைவராக இருந்தவர், இசை மேதை பாக் காலத்தவர். அந்த அவையின் கருவி இசை ஏடுகள் ஓர் அலமாரிக்குள் ஏறக்குறைய நூறு வருஷம் கிடந்தன. பிறகு நூலகத்துக்கு வந்தும் வாசிக்க ஆளில்லை. 1990களின் தொடக்கத்தில் கேபெல் ஹைனிகெனின் கன்செர்ட்டோக்களை (தனி வாத்தியங்களும் இசைக்குழுவும் மாறி மாறி வாசிக்கும் இசை) பதிவு செய்த பிறகுதான், ஹார்ன்களும் புல்லாங்குழல்களும் ஓபோக்களும் போட்டி போடும் அந்த இசை இருப்பதே பலருக்கும் தெரிந்தது. புதையல் என்ற சொல்லைத் தயங்காமல் இதற்குக் கொடுப்பேன்.

இந்த வேலைக்குக் குடல் நரம்பு உதவியது. மறுக்கவில்லை. ஆனால் பழைய இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே வாசிக்க வேண்டும் என்ற பழைய கருவி இயக்கம் வென்றதில் ஒரு நஷ்டமும் உண்டு, அதை உங்களைப் போன்ற ரசிகர்கள் பேசுவதே இல்லை. "பாக், டெலமான் எல்லாம் தனிப் பயிற்சி பெற்றவர்கள் பாடு, நமக்கு வேண்டாம்" என்று பல பெரிய சிம்பொனி இசைக்குழுக்கள் ஒதுங்கிக்கொண்டன. அங்கே வேலைக்குச் சேரும் இளம் வயலின்காரருக்கு பாக்கின் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோவில் உட்காரும் வாய்ப்பே அரிதாகிவிட்டது. அந்த இசை எல்லா வயலின்காரருக்கும் சொந்தம் இல்லையா? கேபெல் போய் நின்றது இவர்கள் முன்னால்தான். வில்லை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது, நடனத் தாளம் எப்படி நடக்க வேண்டும், ஒரு சங்கதியை எங்கே சேர்க்கலாம் என்பதெல்லாம் எந்தக் கம்பியிலும் கற்பிக்கக்கூடியவை. 2010இல் ஸால்ஸ்பர்க் மொஸார்ட்டியம் பல்கலைக்கழகத்தில், பழைய கருவி இயக்கத்தின் முன்னோடி ஹார்னன்கோர்ட் வகித்த இடத்துக்குப் பேராசிரியராகப் போனதும் இதைக் கற்பிக்கத்தான். 2018இல் 'பெர்லினர் பரோக் ஸோலிஸ்டன்' குழுவுக்குத் தலைமை ஏற்றார். பெர்லின் பில்ஹார்மோனிக்கில் வாசிப்பவர்கள் பலர் இருக்கும் குழு அது.

அவர் செய்ததெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1980களில் பதிவு செய்த பிராண்டன்பர்க் ஆறாவது கன்செர்ட்டோவின் முதல் பகுதியில் அவர் போகும் வேகத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. வயலினே இல்லாமல், வயலினைவிடச் சற்றுப் பெரிய இரண்டு வியோலாக்கள் ஒன்றையொன்று துரத்தும் அழகான இடம். அந்த ஓட்டத்தில் வியோலாவின் கனத்த குரல் காணாமல் போகிறது. குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், சேர்ந்து பேசலாம்.

அப்புறம், ஃபிரான்ஸ் கிளெமென்ட் என்ற பெயர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1806இல் பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவை முதன்முதலில் மேடையில் வாசித்தவர். அவரே எழுதிய வயலின் கன்செர்ட்டோக்களும் உண்டு. அவற்றைக் கேபெல் பதிவு செய்தது கொலோன் வானொலி நிலையத்தின் சிம்பொனி இசைக்குழுவை வைத்து, நீங்கள் வெறுக்கும் அதே உலோகக் கம்பிகளில். முதலில் ஹைனிகெனைக் கேளுங்கள், அடுத்து இதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் துரோகம் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.