பக்கத்தில் நிற்கும் ஆள்

வணக்கம் சார்,

'தி சொப்ரானோஸ்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். அதில் சில்வியோவாக வரும் ஸ்டீவன் வான் ஸான்ட் அடிப்படையில் நடிகரே இல்லை, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவில் கிதார் வாசிப்பவர் என்று தெரிந்ததும் அவரைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். 1984இல், குழு உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து விலகி, 'லிட்டில் ஸ்டீவன்' என்ற பெயரில் அரசியல் பாட்டுகளாகப் போட்டிருக்கிறார். எதுவும் பெரிதாக ஓடவில்லை. நல்ல சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை), ராக் கலைஞன் ஒருவனை அரசியல் தின்றுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவரை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

ஓடவில்லை என்பது சரி. அரசியல் தின்றுவிட்டது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவருடைய தனி ஆல்பங்கள் தோற்றதற்குக் காரணம் வேறு. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அரசியலால் வந்தது.

முதலில் 1975க்குப் போவோம். நியூயார்க்கில் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோ. ஸ்பிரிங்ஸ்டீனின் மூன்றாவது ஆல்பம் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டுக்கு டிரம்பெட், சாக்ஸபோன் பகுதி அமையவே இல்லை. வாசிக்க வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, பிரெக்கர் சகோதரர்கள், டேவிட் சான்பார்ன் எல்லாம். சும்மா பார்க்க வந்த நண்பர் ஸ்டீவன் தரையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, மகா மட்டம் என்றார். அப்படியானால் நீயே போய்ச் சரிபண்ணு என்றார் ஸ்பிரிங்ஸ்டீன். இவர் எழுந்து போனார். நோட்ஸ் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. உனக்கு இது, உனக்கு இது என்று ஒவ்வொருவருக்கும் வாயாலேயே பாடிக் காட்டினார். வேலை முடிந்தது. 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்' பாட்டில் இன்று நாம் கேட்பது அதைத்தான். அதன் பிறகு குழுவிலும் சேர்ந்துவிட்டார்.

இதுதான் அவருடைய கை. எந்த வரியை யாரிடம் கொடுத்தால் நிற்கும் என்று தெரிந்த கை. நம் சினிமா இசையில் பாடகர், இசையமைப்பாளர் பெயரெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் அரேஞ்சர் பெயர் யாருக்கும் தெரியாதே, அந்த மாதிரி. சவுத்சைட் ஜானியின் அஸ்பரி ஜூக்ஸ் குழுவுக்கும் எழுபதுகளில் பாட்டு எழுதி, ஆல்பம் தயாரித்துக் கொடுத்தவர் இவர்தான்.

அரசியல் எங்கிருந்து வந்தது? 1981 வாக்கில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது ஜெர்மனியில் ஒரு பையன் அவரிடம் வந்து, 'எங்கள் நாட்டில் ஏன் ஏவுகணை கொண்டுவந்து வைக்கிறீர்கள்?' என்று கேட்டான். நானா வைத்தேன், நான் கிதார் வாசிக்கிறவன் என்பதுதான் மனதில் வந்த பதில். ஆனால் கேள்வி விடவில்லை. அந்தப் பையன் கண்ணுக்கு அவர் கிதாரிஸ்ட்டாகத் தெரியவில்லை, அமெரிக்காக்காரராகத் தெரிந்தார். அதிலிருந்து தன் நாடு வெளியே என்னவெல்லாம் செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தார்.

1984இல் தென்னாப்பிரிக்காவுக்கே போனார். வான் ஸான்ட் என்பது வளர்ப்புத் தந்தை வழி வந்த டச்சுப் பெயர், இவர் பிறப்பால் இத்தாலிய வம்சம். அந்தப் பெயரோடு நிறவெறி நாட்டில் போய் இறங்குவது ஒரு வேடிக்கைதான். அங்கே ஒருநாள் டாக்சியில் போகிறார். ஒரு கறுப்பர் நடைபாதையிலிருந்து சாலையில் கால் வைக்கிறார். டிரைவர் வசவு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அவர்மேல் ஏற்றுவதுபோல வண்டியை ஒடித்தார். விலகி நின்று எல்லாத் தரப்பையும் ஆராய்வோம் என்ற எண்ணம் அந்த இடத்திலேயே போய்விட்டதாக ஸ்டீவன் பிற்பாடு பல முறை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயணத்திலிருந்து வந்ததுதான் அவருடைய 'சன் சிட்டி' பாட்டு. அதற்கு முன் சன் சிட்டி என்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க அரசு கறுப்பின மக்களைத் துண்டு துண்டான 'தாயகங்களுக்கு'த் தள்ளி, அவையெல்லாம் தனி நாடு என்றது. அப்படிச் சொல்லிவிட்டால் அவர்கள் தென்னாப்பிரிக்கக் குடிமக்களே இல்லை, ஓட்டும் கேட்க முடியாது. போபுதட்ஸ்வானா அதில் ஒன்று, 1977இல் 'சுதந்திரம்' கொடுத்தார்கள். உலக நாடு எதுவும் அதை ஏற்கவில்லை. அதற்குள் கட்டிய சூதாட்ட உல்லாச நகரம்தான் சன் சிட்டி. தென்னாப்பிரிக்காவுக்குள் சூதாட்டம் தடை, இங்கே தடை இல்லை. ஜோஹன்னஸ்பர்க் வெள்ளையர்கள் காரை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐ.நா. கலாச்சாரப் புறக்கணிப்பு இருந்தும், இது வேறு நாடு என்ற சாக்கில் ஃபிராங்க் சினாட்ராவிலிருந்து குவீன் குழு வரை கொட்டிக்கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பாடினார்கள்.

'நான் சன் சிட்டியில் வாசிக்க மாட்டேன்' என்பதுதான் ஸ்டீவன் எழுதிய பல்லவி. முதலில் தனக்கான பாட்டாகத்தான் எழுதினார். பத்திரிகையாளர் டேனி ஷெக்டர், தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர் இருவரும் சேர, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாடும் பாட்டாக அது வளர்ந்தது. 1985 இப்படிக் கூட்டமாகப் பாடுகிற சீசன்தான். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளில் குற்றவாளி யாரும் கிடையாது. பசி இருக்கிறது, காசு கொடுங்கள், அவ்வளவுதான். இந்தப் பாட்டு இடத்தின் பெயரைச் சொல்கிறது, அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனின் பெயரைச் சொல்கிறது, தென்னாப்பிரிக்காவோடு அவர் அரசு கடைப்பிடித்த கொள்கையைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், பாடுகிறவர்களின் சொந்தத் தொழிலில் கை வைக்கிறது.

இப்போது 1975இல் அவர் படுத்துக்கிடந்த ஸ்டூடியோத் தரையை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். பொய்த் தாயகங்களுக்கு மக்களைப் பெயர்ப்பது பற்றிய வரியை, மணல் உரசுவதுபோன்ற குரல் கொண்ட டேவிட் ரஃபின் பாடுகிறார். கறுப்பர் என்பதால் இரண்டு கோடியே முப்பது லட்சம் பேருக்கு ஓட்டில்லை என்ற வரி, உச்சிக்குப் போனாலும் மென்மை குறையாத எடி கென்ட்ரிக்ஸுக்கு. இருவரும் ஒரு காலத்தில் டெம்ப்டேஷன்ஸ் குழுவில் சேர்ந்து பாடியவர்கள். சகோதர சகோதரிகளை முதுகில் குத்துகிறோம் என்ற வரி ஸ்பிரிங்ஸ்டீனுக்கு. ராப்பை இசையாகவே பலர் மதிக்காத நாளில் ரன்-டிஎம்சியும் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் பாப் டிலன், லூ ரீட் இருக்கும் அதே பாட்டில், அதே மரியாதையோடு நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாய், சில நொடி. யாரும் வீணாகவில்லை. இதைப் பாடகர் செய்ய முடியாது, அரேஞ்சர்தான் செய்ய முடியும்.

அமெரிக்க வானொலிகளில் ஏறக்குறைய பாதிதான் போட்டன. அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 38ஆம் இடத்தோடு நின்றது. தென்னாப்பிரிக்காவில் தடை. பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி நிறவெறி எதிர்ப்புப் பணிகளுக்குக் கொடுத்தார்கள். 1986 அக்டோபரில் ரீகனின் மறுப்பாணையை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தப் பாட்டால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரி வளாகங்களிலும் தூதரக வாசலிலும் கைதாகிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் வேலை அது. பாட்டு அந்தச் சத்தத்தில் சேர்ந்துகொண்டது.

சரி, தனி ஆல்பங்கள் ஏன் ஓடவில்லை? என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். 1982இல் வந்தது டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் சோல். அடுத்தது முரட்டு ராக். அப்புறம் 1987இல் நடனத் தாளம், 1989இல் சிந்தசைசர். பிடித்த கடைக்குத் திரும்பப் போனால் ஒவ்வொரு முறையும் வேறு சரக்கு, ஆள் எப்படி வருவான்? போதாததற்கு அவர் குரல் மெலிந்து மூக்கில் வரும், நல்ல வரியைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் பாட வேண்டியிருக்கிறது. இதில் அரசியலின் குற்றம் என்ன? காதல் பாட்டாகவே போட்டிருந்தாலும் இதே கதிதான். குழுவை விட்டது தவறு என்று அவரே சொல்லியிருக்கிறார். விடாமலிருந்தால் சன் சிட்டி இல்லை என்பதையும் அவரேதான் சொல்கிறார்.

தொண்ணூறுகளில் ஏழு வருடம் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்ததுதான் வேலை என்பார். 1997இல் அறுபதுகளின் ராக் குழுவான ராஸ்கல்ஸைப் பாராட்டி அவர் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்த 'சொப்ரானோஸ்' தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ், நீங்கள் பார்த்த சில்வியோவாக்கினார். சில்வியோ யார்? பாஸுக்குப் பக்கத்தில் நிற்கிறவர். ஸ்பிரிங்ஸ்டீனின் பட்டப்பெயரும் 'பாஸ்'தான்.

கேட்பதற்கு 1982இன் 'மென் விதவுட் விமன்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அடுத்து 1984 ஆல்பத்திலிருந்து 'ஐ ஆம் எ பேட்ரியட்' ஒன்று மட்டும் போதும். பிறகு சன் சிட்டி ஆல்பம் முழுக்க. தலைப்புப் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் எல்லாம் உள்ளே இருக்கிறார்கள். இரண்டாவதாகப் பீட்டர் கேப்ரியல் பாட்டு வரும். அதில் ஒரு வயலின் கேட்கும். வாசிப்பவர் எல்.சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி.லட்சுமிநாராயணாவின் மகன், எல்.வைத்தியநாதனின் தம்பி. இரண்டு கழுத்து உள்ள அவருடைய அந்த வயலினுக்காக நல்ல ஹெட்ஃபோனாக மாட்டிக்கொள்ளுங்கள்.