ஐந்தாம் மாதத்தில் யூரின் கல்ச்சரில் 'ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று வந்தால் மருந்து சாப்பிட வேண்டுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: ஐந்து மாதம் நடக்கிறது. நீர்க்கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. செக்கப்பில் எடுத்த யூரின் கல்ச்சரில் 'ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது, ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் 'ஆர்' என்ற எழுத்து. டாக்டர் நைட்ரோஃபியூரன்டோயின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார், "ஒரு தொந்தரவும் இல்லையே, மாசமாக இருக்கும்போது எதற்கு வீரியமான மாத்திரை" என்கிறார். என்ன செய்வது?

சாப்பிடுங்கள். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும், ஒரு வேளை விடாமல்.

நான் டாக்டர் இல்லை. பதிமூன்று வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் கல்ச்சர் போடுகிற, அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்து அது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கிற டெக்னீஷியன். உங்கள் கையில் இருப்பது போன்ற ரிப்போர்ட்டைத் தட்டில் இருந்து காகிதத்துக்குக் கொண்டு வருவதுதான் என் வேலை. என் தங்கச்சிக்கும் இதே கிருமி, அதுவும் ஆறாம் மாதத்தில் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 'ஆர்'. அதைப் பார்த்து "என் உடம்பு மருந்தை ஏற்காது" என்று பயந்து லேப் வாசலில் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறுநீரில் இருக்கிற அந்தக் கிருமி அந்த மருந்துக்குச் சாகாது என்பதுதான் பொருள். ஈ.எஸ்.பி.எல். என்பது அந்தக் கிருமி சுரக்கிற ஒரு என்சைம். அமாக்சிசிலின், செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன் மாதிரி நாம் வழக்கமாக எடுக்கிற மருந்துகளை அது வேலை செய்யும் முன்பே உடைத்துப் போட்டுவிடும். இந்த என்சைமைத் தயாரிக்கும் குறிப்பு ஒரு கிருமியிடமிருந்து பக்கத்துக் கிருமிக்குக் கைமாறும். உலகம் முழுக்க இன்று அதிகம் காணப்படும் ஈ.எஸ்.பி.எல். வகைகளில் ஒன்று முதலில் கண்டறியப்பட்டதே 1999-இல் இந்தியாவில் எடுத்த கிருமிகளில்தான். ஆகவே இது உங்களுக்கு மட்டும் வந்த அதிசய வியாதி இல்லை. எங்கள் லேபில் இதைப் பார்க்காத வாரம் இல்லை.

தொந்தரவே இல்லாதபோது எதற்கு மருந்து? நல்ல கேள்வி. கர்ப்பம் இல்லாத ஒரு பெண்ணுக்கு இதே ரிப்போர்ட் வந்து, எரிச்சல் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் மருந்தே கொடுக்க மாட்டார்கள். கர்ப்பத்தில் கணக்கு வேறு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளர்கிற கர்ப்பப்பையும், வலது பக்கக் குழாயைக் கூடுதலாகவே, அழுத்துகிறது. நீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி மெதுவாக மேலே ஏறி சிறுநீரகத்தைப் பிடிக்கிறது. நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு இப்படி அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்றாக மாறலாம். குழந்தைக்கு ஆபத்து அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது: குளிர் காய்ச்சல், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை. சிறுநீரில் இருக்கும் கிருமி நேராகப் போய்க் குழந்தையைத் தொடுவதில்லை.

தங்கச்சி விஷயத்தில் நடந்தது இது. ஆறாம் மாதம், நீர் போகும்போது கடுப்பு. "சூடு" என்று அம்மா இளநீரும் பார்லித் தண்ணீரும் மூன்று நாள் கொடுத்தார். அப்புறம் லேசாகக் காய்ச்சல். பக்கத்து மெடிக்கலில் சீட்டு இல்லாமலே செஃபிக்சைமும் பாராசிட்டமாலும் கொடுத்தார்கள். பாராசிட்டமாலில் காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம், வலது விலாவுக்குப் பின்னால் கை வைக்க முடியாத வலி. அட்மிட் செய்தோம்.

அவளுடைய கல்ச்சரை நான்தான் போட்டேன். மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது தட்டு முழுக்கக் கிருமி பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. தட்டில் வைக்கிற மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் விழ வேண்டும், அப்படி விழுந்தால்தான் மருந்து வேலை செய்கிறது. செஃபிக்சைம் வில்லையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஓரம் வரைக்கும் வளர்ந்திருந்தது. அவள் மூன்று நாளாக விழுங்கியது அந்த மருந்தைத்தான். மெரோபெனம் என்ற ஊசி மருந்தின் வில்லையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று அகலமான வட்டம். அதைப் பார்த்துவிட்டு நான் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் ஊசி. நடுவில் இரண்டு இரவு வயிறு இறுகி இறுகி விட்டது, பிரசவ வலியோ என்று தூங்காமல் காத்துக் கிடந்தோம். 38-ஆம் வாரத்தில் பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தாள்.

அந்த மெடிக்கலில் நடந்தது சட்டப்படியும் தப்பு. 2014 மார்ச் 1 முதல் செஃபிக்சைம் உட்பட பல ஆன்டிபயாடிக்குகள் 'ஷெட்யூல் எச்1' பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றார்கள் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்போது உங்கள் மாத்திரை. கர்ப்பத்தில் டாக்டரின் கை பாதி கட்டப்பட்டிருக்கிறது. டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகையைத் தவிர்ப்பார்கள். ஜென்டாமைசின் வகையைக் குழந்தையின் காதை நினைத்து வேறு வழி இல்லாதபோதுதான் தொடுவார்கள். மிச்சம் இருப்பவற்றில் பலவற்றை ஈ.எஸ்.பி.எல். உடைத்துவிடுகிறது. அதனால் சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றுக்கு இரண்டே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: நைட்ரோஃபியூரன்டோயின், ஃபாஸ்ஃபோமைசின். இரண்டும் பழைய மருந்துகள். இரண்டாவது, தண்ணீரில் கரைத்து ஒரே தடவை குடிக்கிற 3 கிராம் தூள். நைட்ரோஃபியூரன்டோயினைச் சாப்பாட்டோடு போடுங்கள், வயிற்றைப் புரட்டாது. சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம். உங்களுக்கு ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசி வாரங்களில் இந்த மருந்தைத் தர மாட்டார்கள், ஐந்தாம் மாதத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: இந்த இரண்டு மருந்தும் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. கிருமி கீழே இருக்கும்போதுதான் மாத்திரையோடு முடியும். மேலே ஏறிவிட்டால் மெரோபெனம், எர்டாபெனம் மாதிரி நரம்பில் ஏற்றுகிற மருந்துதான், ஆஸ்பத்திரி வாசம்தான். 'வீரியமான மருந்து' வேண்டாம் என்பதுதான் அவர் கவலை என்றால், அதற்கும் வழி இந்த மாத்திரைதான்.

சிலர் கூச்சத்தில் கேட்காமல் விடுவது: இது கணவரிடமிருந்து வந்ததா? இல்லை. ஈ.கோலை நம் குடலிலேயே குடியிருப்பது. பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டை, அதனால் எளிதாக உள்ளே போய்விடுகிறது. சுத்தக் குறைவு என்று உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். இந்தக் கிருமிக்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை, தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பிரசவத்துக்குப் போகும்போது இந்த ரிப்போர்ட்டைக் கோப்பின் மேலேயே வையுங்கள். ஒருவேளை குழந்தைக்குக் காய்ச்சலோ தொற்றோ வந்தால், எந்த மருந்தில் தொடங்குவது என்று குழந்தை டாக்டருக்கு அது உடனே சொல்லிவிடும். பிறந்த குழந்தைக்குப் பலிக்காத மருந்தில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் பெரியது.

மாத்திரை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் ரிப்பீட் கல்ச்சர் கொடுக்க வேண்டும். கோர்ஸ் முடிந்ததும் பலர் வருவதே இல்லை, எனக்கு இதில்தான் பெரிய ஆதங்கம். கிருமி திரும்பி வரும், அதுவும் சத்தமில்லாமல் வரும். கொடுக்கும்போது கழுவிவிட்டு, முதலில் வருகிற நீரை விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுக்கிற மூடிபோட்ட டப்பாவில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் வெயிலில் கொண்டு வந்தால் வழியிலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். அதற்கும் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதிவிடுவார்கள்.

இடையில் குளிர் நடுக்கமோ, விலாவுக்குப் பின்னால் வலியோ, வாந்தியோ, வயிறு விட்டு விட்டு இறுகுவதோ வந்தால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே கிளம்புங்கள், கல்ச்சர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு.