கமாண்டோ முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் ‘கமாண்டோ தற்காப்பு’ என்ற பெயரில் பெண்களுக்கு ஏழு நாள் முகாம் நடத்துகிறார். கட்டணம் 4,000 ரூபாய். கல்லூரிக்குப் போகப்போகும் மகளைச் சேர்க்க நினைக்கிறேன். ராணுவத்தில் பயிற்சி எடுத்தவருக்கு வெறுங்கையால் சண்டை போடத் தெரியாமலா இருக்கும்?
– ஒரு தாய், வேலூர் மாவட்டம்

பதில்: தெரியாமலும் இருக்கலாம் அம்மா. அதில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை.

என் சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் பதினேழு வருடம் இருந்தவர். லீவில் ஊருக்கு வந்தால் பையன்கள் எல்லோரும் திண்ணையில் சூழ்ந்துகொண்டு, ஒரே அடியில் ஆளைச் சாய்க்கிற வித்தையைக் காட்டச் சொல்லி நச்சரிப்போம். “ட்ரெயினிங்ல கொஞ்சம் சொல்லிக் குடுத்தாங்கடா. அப்புறம் ஏது? கையிலதான் எப்பவும் ரைஃபிள் இருக்குமே” என்பார். நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் அவர் கற்று வந்தது வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவார். முதுகில் மூட்டையோடு மைல் கணக்கில் ஓடுவார். பக்கத்தில் இருப்பவனை விட்டுவிட்டு ஓடக்கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. ராணுவம் ஆயுதத்தோடு, கூட்டமாக, உத்தரவின்படி சண்டை போடுகிற ஏற்பாடு. அதில் ஒருவன் தனியாக வெறுங்கையோடு நிற்கிறான் என்றால், அதற்கு முன்பே பல காரியங்கள் கெட்டுப்போயிருக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்காக பெரும்பாலான ராணுவங்கள் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குவதில்லை.

அமெரிக்க மரீன் படை கைச்சண்டைக்குப் பேர்போனது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர் முதல் பெல்ட் வாங்கக் குறைந்தது 27.5 மணி நேரம் பயிற்சி எடுத்தால் போதும். அதிலேயே பயோனெட்டும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) கத்தியும் தடியும் அடக்கம். நம் ஊரில் ஒரு பாக்ஸிங் பையன் வாரம் நாலு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போனால் ஐந்தே வாரத்தில் அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவான். அவன் கோச் அவனை இன்னும் போட்டிக்கு அனுப்பியிருக்கக்கூட மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ராணுவத் தற்காப்பு’ என்று இன்று விற்கப்படும் பல முறைகள் ராணுவத்தில் பிறந்தவையே அல்ல. வில்லியம் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயர் 1907-ல் ஷாங்காய் நகரக் காவல்துறையில் சேர்ந்தார். கத்தியும் கொள்ளையும் மலிந்திருந்த தெருக்களில் ரோந்து போனவர் அவர். அங்கேயே ஜுஜுட்சு என்ற ஜப்பானிய மல்லுக்கட்டும் சீனக் கைச்சண்டையும் கற்று, அதில் எளிதானவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டார். 1940-ல் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைக் கூப்பிட்டபோது வயது 55. இஸ்ரேல் ராணுவத்தின் கிராவ் மகா என்ற கைச்சண்டை முறையை உருவாக்கிய இமி லிச்டென்ஃபெல்டும் அப்படித்தான். பிராட்டிஸ்லாவா நகரத்தில் குத்துச்சண்டை, மல்யுத்த வீரராக இருந்தவர். 1930-களில் யூதர்களை அடிக்க வந்த கும்பல்களோடு தெருவில் மோதிப் பழகியவர். 1990-களில் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் படையினர் தங்கள் கைச்சண்டைப் பாடத்தைத் திருத்த முற்பட்டபோதும் கலிஃபோர்னியாவில் கிரேசி குடும்பம் நடத்திய ஜியு-ஜிட்சு பள்ளியைத்தான் தேடிப் போனார்கள். தெருவிலும் பயிற்சிக்கூடத்திலும் புழங்கியதை ராணுவம் கடன் வாங்கியது. உங்கள் மகள் அதை நேராக அந்த இடத்திலேயே கற்கலாமே.

லடாக்கின் கல்வானில் சீன ராணுவத்தோடு நம் வீரர்கள் துப்பாக்கி இல்லாமல் மோதினார்களே என்று கேட்பீர்கள். 1996 ஒப்பந்தப்படி எல்லைக்கோட்டை ஒட்டி 2 கிலோமீட்டருக்குள் இரு தரப்பும் சுடக்கூடாது. 2020 ஜூன் 15 இரவு அங்கே நம் வீரர்கள் 20 பேர் உயிர் கொடுத்தார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். அந்தச் சண்டை கல், தடி, இரும்புக் கம்பிகளோடு, இருட்டில், கூட்டம் கூட்டமாக நடந்தது. அந்த வீரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் கை வைக்கும்போது ஒரு பெண் செய்ய வேண்டியதற்கு அதிலிருந்து பாடம் எடுக்க முடியாது.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” போர்க்களத்துக்கு அது சரி. ஊருக்குள் சட்டம் வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 37-வது பிரிவு, தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை என்கிறது. அடுத்த பிரிவே, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற தாக்குதலின்போது எதிராளியின் உயிர் போனாலும் அது தற்காப்புதான் என்கிறது. இந்த இரண்டையும் உங்கள் மகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த முகாமில் சொல்கிறார்களா?

போன வருடம் இப்படி ஒரு முகாமின் நிறைவு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி மைதானம். பயிற்சியாளர் ரப்பர் கத்தியைப் பிடித்து வலது கையை முழுசாக நீட்டி, அப்படியே நிறுத்தினார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். கத்தி விழுந்தது, பெற்றோர் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் நான் அந்தக் கத்தியில் சாக்பீஸைத் தேய்த்து அதே பெண்ணிடம் கொடுத்து, “கையை நீட்டி நிறுத்தாதே, குத்திக் குத்தி இழு” என்றேன். தடுக்க வந்தவர் பயிற்சியாளரின் உதவியாளர், நல்ல வாட்டசாட்டமான இளைஞர். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அவருடைய கறுப்பு டி-ஷர்ட்டில் எண்ணி ஆறு வெள்ளைக் கோடு. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது, எனக்கும்தான். ஏழு நாளில் கத்தியைப் பிடுங்கிவிடலாம் என்று நம்ப வைத்து அந்தக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோமே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கத்தியைக் கண்டால் ஓட வேண்டும். கேட்பது பையோ போனோ என்றால் தூக்கி எறிந்துவிட்டு ஓட வேண்டும். அதை அந்த மைதானத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

நாள் குறைவு என்பதற்காக நான் முகாமை வேண்டாம் என்று சொல்லவில்லை. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்குப் பன்னிரண்டே மணி நேரப் பயிற்சி கொடுத்து, ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடி உதை ஒரு பகுதிதான். மீதியெல்லாம், தெரிந்த ஆள் எல்லை மீறத் தொடங்குவதை எப்படிக் கண்டுகொள்வது, ‘நல்லவராச்சே, எப்படிச் சத்தம் போடுவது’ என்ற தயக்கத்தை எப்படி உடைப்பது என்பதைப் பற்றியது. நம் நாட்டிலும் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன்தான். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், காதலிப்பதாகச் சொன்னவன். இருட்டுச் சந்தில் முகமூடியோடு வருகிறவனுக்காக மட்டும் ஒத்திகை பார்க்கிற முகாம் இந்தப் பெண்களுக்கு என்ன செய்யும்?

ராணுவக்காரரிடம் கற்க எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்திருக்கும்போதும் கைகால் அசையும்படி பழக்குவது அவர்களுக்குக் கைவந்த கலை. அடி வாங்கியதும் உறைந்து நிற்காமல் இருப்பது, மூச்சு வாங்கினாலும் ஓடுவது, அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்புவது. என் சித்தப்பாவிடம் அது இருந்தது. உங்கள் ஊர்க்காரர் இதைச் சொல்லிக்கொடுத்தால் 4,000 ரூபாய் வீண் இல்லை.

அதனால் பணம் கட்டுமுன் நீங்களே ஒரு நாள் வகுப்பில் போய் உட்காருங்கள். பெண்கள் ஒருவரையொருவர் நிஜமாகவே எதிர்க்கிறார்களா, இல்லை, நீட்டிய கையைத் திருகிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ராணுவத்தை விட்டு வந்தபின் கைச்சண்டையை எங்கே, யாரிடம், எத்தனை வருடம் பழகினார்? கத்தியோடு ஒருவன் வந்தால் பெண்களுக்கு முதலில் என்ன செய்யச் சொல்வார்? பதில் திருப்தியாக இல்லையென்றால் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் ஜூடோவோ குத்துச்சண்டையோ சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள். ஏழு நாளுக்குப் பதில் ஒரு வருடம் போகட்டும். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.