அலாஸ்கா கப்பல் பயணம்: மலை ரயிலுக்குத் தனியாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், காட்பாடியில் இருக்கிறோம். சியாட்டிலில் வேலை பார்க்கும் மகள் ஜூலை மாதம் எங்களை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போகிறாள். சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்குகிறோம். வழியில் ஸ்காக்வே என்ற ஊரில் கப்பல் ஒரு பகல் நிற்குமாம். அன்றைக்கு 'யூகான் மலைப் பயணம், போகும்போது பஸ், வரும்போது ரயில்' என்று வேலூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் எங்கள் இருவருக்கும் 68,000 ரூபாய் சொல்கிறார். அமெரிக்க விசா கையில் இருக்கிறது. அன்றே திரும்பிவிடுவதால் கனடா விசா வேண்டாம் என்கிறார். முன்பணம் 10,000 ஜிபேயில் போட்டுவிட்டோம், ரசீது தரவில்லை. என் கணவருக்கு மூட்டு வலி வேறு. மீதியைக் கட்டலாமா?

பதில்: அம்மா, மீதியைக் கட்டாதீர்கள். யூகான் இருப்பது கனடாவில். அந்த பஸ் எல்லைச் சாவடியில் நின்று, பாஸ்போர்ட் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் போய் வந்தாலும் கனடா விசா வேண்டும். 'அன்றே திரும்புகிறோம்' என்பதற்கெல்லாம் சலுகை கிடையாது.

நீங்கள் கேட்காத இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி அங்கேயே இறக்க வேண்டுமானால், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையில் நின்றாக வேண்டும். இது 1886-லிருந்து இருக்கும் அமெரிக்கச் சட்டம். அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கின்றன. கனடா விசா இல்லையென்றால் மலை ரயில் இருக்கட்டும், கப்பலிலேயே ஏற்றாமல் விட்டுவிடலாம். மகளிடம் சொல்லி, கப்பல் நிறுவனத்திடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகை கொடுக்கச் சென்னை போய்வர வேண்டும். உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்பதையும் பாருங்கள். கனடாவைத் தொட்டுத் திரும்புவது மறுநுழைவுதான்.

சரி, எதை வாங்குவது? விசா கிடைத்தாலும் உங்களுக்கு அந்த நீண்ட பஸ் பயணம் வேண்டாம். ஸ்காக்வேயிலிருந்து ஒயிட் பாஸ் கணவாய் உச்சி வரை போய்த் திரும்பும் ரயில் மட்டும் போதும். சுமார் மூன்று மணி நேரம். வழியில் யாரும் இறங்குவதில்லை, அதனால் மூட்டு வலிக்காரருக்குத் தோதானது. தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த பாதை. தண்டவாளத்தின் அகலம் மூன்றடிதான். உங்கள் காட்பாடி–விழுப்புரம் பாதையில் முன்பு ஓடிய மீட்டர்கேஜைவிடக் குறுகல். கடல் மட்டத்தில் கிளம்பி, 20 மைலில் 2,865 அடி ஏறுகிறது. நம் ஏலகிரி இதைவிட உயரம். ஆனால் அந்த வடகோடியில் கோடையிலும் மலைமேல் பனி இருக்கும். ரயில் வருவதற்கு முன், இந்தக் கணவாய்ப் பாதையில் சுமையோடு ஏற முடியாமல் செத்த குதிரைகள் சுமார் 3,000. அங்கே ஒரு பள்ளத்துக்கு இன்றும் செத்த குதிரைப் பள்ளம் என்றே பெயர்.

ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். உச்சியில் இருக்கையின் முதுகைத் திருப்பிப் போட்டு, பயணிகளைப் பக்கம் மாறி உட்காரச் சொல்வார்கள். அதனால் சண்டை போட்டு ஜன்னல் பிடிக்க வேண்டாம். மேகம் இறங்கிவிட்டால் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது. அதற்குப் பணம் திரும்பாது. மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் கையிலேயே இருக்கட்டும்.

டிக்கெட்டை மகள் மூலம் கப்பல் நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்கள். டாலர் விலையை ரூபாயாக்கிப் பார்த்தால், வேலூர்க்காரர் எவ்வளவு கூட்டியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். வெளியில் வாங்கினால் மலிவாகவே கிடைக்கலாம். ஆனால் கப்பல் நிறுவனம் விற்ற பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைக்கு அவர்கள் செலவில் கொண்டு சேர்ப்பார்கள். தனியாரிடம் வாங்கியிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். கோடையில் யூகான் கடிகாரம் ஸ்காக்வேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதால், நேரக் குழப்பத்துக்கும் இடமுண்டு. வயதான காலத்தில் துறைமுகத்தில் நின்று கப்பல் போவதைப் பார்க்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

முன்பணம் 10,000-ஐ விட்டுவிடாதீர்கள். தவறான தகவல் சொல்லி விற்றது முறையற்ற வணிகம். முதலில் வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அடுத்தது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு சாட்சிதான். 'கனடா விசா வேண்டாம்' என்று அவர் அனுப்பிய செய்தி ஏதாவது போனில் இருந்தால், அதை அழிக்காமல் மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.