பழைய 8 மி.மீ. கமராவுக்கு இன்னும் பிலிம் கிடைக்குமா?

அப்பப்பாவின் சாவி கொடுக்கும் 8 மி.மீ. கமரா திருகோணமலை வீட்டில் கிடக்கிறது, பிலிம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், எறிந்துவிடாதீர்கள்.

மூடியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் பெட்டி பொருந்தும் இடமிருந்தால் அது 1965இல் வந்த சூப்பர் 8. அதற்குக் கொடக் இன்றும் பிலிம் செய்கிறது. இரண்டு சிறு சுருளுக்கு இடமிருந்தால் 1932இன் டபிள் 8.

டபிள் 8 பிலிம் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அகலம் 16 மி.மீ.தான், ஆனால் ஓரத் துளைகள் எண்ணிக்கையில் சாதாரண 16 மி.மீ. பிலிமைவிட இரு மடங்கு. கமராவில் பிலிமை இழுக்கும் நகம் 3.8 மி.மீ.க்கு ஒரு துளை தேடும். அதனால் சிலர் 16 மி.மீ. பிலிமை வாங்கி, முழு இருட்டில் இரண்டு துளைகளுக்கு நடுவே இன்னொன்று குத்தி, 25 அடியாகச் சுற்றி விற்கிறார்கள். அகலத்தில் ஒரு பாதி முடிந்ததும் சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுக்கவேண்டும். கழுவியபின் நீளவாக்கில் நடுவே கீறி ஒட்டினால் 50 அடி. செக்கனுக்கு 16 படமென்றால் நான்கு நிமிடம்.

சுருளை நிழலில் மாற்றுங்கள். கோணேசர் கோயிலடியில் உச்சி வெயிலில் மாற்றி, கடல் தெரிந்த காட்சியின் ஓரமெல்லாம் வெளுத்துப்போனது எனக்கு இன்னும் மனவருத்தம். நம்மூர் ஈரக்காற்றுக்கு, பிலிமைக் காற்றுப்புகா டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்துச் சில மணிநேரம் கழித்தே திறவுங்கள்.